யாளி முதுகு, ஆறு பருவம், கூர்த்தொப்பி: பின்னல் ஊசியைப் புதிதாக எடுப்பவர்களுக்கு

பின்னல் கற்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நீளமான மஃப்ளரில்தான் தொடங்குகிறார்கள். ஒரே நிறம், ஒரே கண்ணி, ஒன்றரை மீட்டர். பாதி தூரம் போவதற்குள் அலுத்துவிடுகிறது; ஊசியோடு சேர்த்து பீரோவுக்குள் போய்விடுகிறது. கை பழகவில்லை என்பதல்ல பிரச்சினை. அடுத்த வரிசையில் என்ன வரும் என்ற ஆவல் இல்லாமல் யாராலும் நூறு வரிசை பின்ன முடியாது.

அந்த ஆவலைக் கற்பனை உயிர்களும் பருவங்களும் தருகின்றன. ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: யாளியையோ டிராகனையோ பின்னுவதற்கு அதன் படத்தைப் பின்ன வேண்டியதில்லை. படம் பின்னுவது பல நிற நூல்களை ஒரே வரிசையில் ஆளுகிற வேலை, அது பிறகு. இப்போதைக்கு அந்த உயிர் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். முதுகு பல் பல்லாக நீட்டிக்கொண்டிருக்கும். பல் பல்லாக வளரும் ஒரு கண்ணி அமைப்பு இருக்கிறது, அதைப் பின்னினால் போதும். மழை துளித்துளியாக விழும். அப்படியே புள்ளி விழும் கண்ணியும் உண்டு. கண்ணி அந்தப் பொருளைப் போலவே நடந்துகொள்ள வேண்டும். நான் புதிதாகக் கற்பவர்களுக்கு முதலில் சொல்வது இதைத்தான்.

கீழே புத்தகக்குறி, மஃப்ளர், தொப்பி என்று மூன்று வேலைகள் இருக்கின்றன. வரிசை மாற்றாமல் செய்யுங்கள். முதலாவதில் பழகுவது இரண்டாவதற்கு வேண்டும், இரண்டாவதில் பழகுவது மூன்றாவதற்கு.

வாங்க வேண்டியவை

4 மி.மீ. பருமனில் ஒரு ஜோடி ஊசி, 2.75 அல்லது 3 மி.மீ. பருமனில் இன்னொரு ஜோடி. கடையில் கேட்கும்போது மில்லிமீட்டரிலேயே கேளுங்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ஊசிகள் பலவற்றில் பழைய பிரிட்டிஷ் எண் இருக்கும். அதில் 8 என்றால் 4 மி.மீ. அமெரிக்கக் கணக்கில் அதே 8 என்பது 5 மி.மீ. பிரிட்டிஷ் எண்ணில் எண் கூடினால் ஊசி மெலியும், அமெரிக்க எண்ணில் எண் கூடினால் ஊசி தடிக்கும். இணையத்தில் ஒரு மாதிரியைப் பார்த்து “8-ஆம் நம்பர்” என்று வாங்கி வந்தால் தொப்பி தலையில் நிற்காது.

நூலுக்கு "டிகே" என்ற நடுத்தரப் பருமன் நல்லது. உறையில் எத்தனை ப்ளை (இழை) என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம், அது நாட்டுக்கு நாடு மாறும். உறையின் பின்பக்கத்தில் சிறு சதுரம் ஒன்று வரைந்து, 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி, எந்த ஊசி என்று போட்டிருப்பார்கள். அங்கே 4 மி.மீ. என்றும், 22 கண்ணி என்றும், அல்லது அதற்கு ஒன்று முன்பின்னாகவும் இருந்தால் சரியான நூல்.

கம்பளியா, அக்ரிலிக்கா, பருத்தியா? சென்னை, மதுரை வெயிலில் இருப்பவர்கள் மஃப்ளருக்குப் பருத்தியோ பருத்திக் கலப்போ எடுக்கலாம். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களும், லண்டனிலோ டொராண்டோவிலோ பனிக்காலத்தைக் கழிப்பவர்களும் கம்பளி எடுக்கலாம். தொப்பிக்கு மட்டும் பருத்தி வேண்டாம். பருத்திக்கு இழுத்தால் சுருங்கித் திரும்பும் குணம் குறைவு. சில நாளில் தொப்பி புருவத்துக்கு இறங்கிவிடும். முதல் முறைக்கு வெளிர் நிற, முறுக்கான, வழவழப்பான நூலாக எடுங்கள். கறுப்பு நூலிலும் முடி முடியாக நீட்டிக்கொண்டிருக்கும் நூலிலும் கண்ணி கண்ணுக்குத் தெரியாது.

இவற்றோடு ஒரு கத்தரிக்கோல், அளவு டேப், காது பெரிதான மொட்டை ஊசி, கண்ணி நழுவினால் எடுக்க ஒரு குரோஷா ஊசி.

கை பழக

இங்கே சொல்வது வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு.

நூலில் ஒரு சுருக்கு முடிச்சுப் போட்டு இடது ஊசியில் மாட்டுங்கள். வலது ஊசியின் நுனியை அந்தக் கண்ணிக்குள் இடமிருந்து வலமாக, முன்னாலிருந்து பின்னால் போகும்படி நுழையுங்கள். பின்னால் இருக்கும் நூலை வலது ஊசியின் நுனியைச் சுற்றி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில், ஒரு சுற்று கொண்டுவாருங்கள். அந்தச் சுற்றை ஊசி நுனியாலேயே கண்ணி வழியாக முன்னால் இழுங்கள். இப்போது வலது ஊசியில் ஒரு புதுக் கண்ணி இருக்கும். அதைத் திருப்பி இடது ஊசியில் மாட்டினால் இரண்டு கண்ணி ஆயிற்று. இப்படியே வேண்டிய எண்ணிக்கை வரும்வரை ஏற்றுங்கள். கண்ணி ஏற்ற வேறு முறைகளும் உண்டு. ஆனால் இந்த முறையில் நிட் கண்ணியையும் சேர்த்தே கற்றுவிடுகிறீர்கள், அதனால் எனக்கு இதுதான் பிடிக்கும்.

நிட் என்பது இதே அசைவுதான். இழுத்த புதுக் கண்ணியை வலது ஊசியிலேயே விட்டுவிட்டு, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவவிட வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கை மாற்றிக்கொண்டு மறுபடி தொடங்குங்கள்.

பர்ல் அதன் மறுபக்கம். நூலை இரண்டு ஊசிக்கும் நடுவே முன்னால் கொண்டுவாருங்கள். வலது ஊசியைக் கண்ணியின் முன்புறமாக, வலமிருந்து இடமாக நுழைத்து, நூலை அதே எதிர்த்திசையில் சுற்றி, பின்பக்கம் தள்ளி எடுங்கள்.

எல்லா வரிசையையும் நிட் போட்டால் வருவது கார்ட்டர். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, வரப்பு வரப்பாக, தட்டையாகக் கிடக்கும். ஒரு வரிசை நிட், மறு வரிசை பர்ல் என்று போட்டால் வருவது ஸ்டாக்கினெட். கடையில் வாங்கும் ஸ்வெட்டரைப் போல முன்பக்கம் வழவழவென்று இருக்கும், ஆனால் ஓரங்கள் சுருண்டுகொள்ளும். நீங்கள் செய்த தப்பு அல்ல அது. நிட்டும் பர்லும் எதிரெதிர்ப் பக்கம் வளைகிற கண்ணிகள். கார்ட்டரில் இரண்டும் வரிசைக்கு வரிசை மாறி வந்து சமமாகிவிடும். ஸ்டாக்கினெட்டில் ஒரு பக்கம் முழுக்க ஒரே கண்ணி என்பதால் துணி வளைந்துவிடும். மஃப்ளருக்குக் கார்ட்டர் ஓரம் வைப்பது இதற்காகத்தான்.

முடிக்கும்போது இரண்டு கண்ணி நிட் போட்டு, முதல் கண்ணியை இரண்டாவதன் மேலாகத் தூக்கி விட்டுவிடுங்கள். இன்னொன்று நிட் போட்டு, மறுபடி தூக்கிவிடுங்கள். கடைசியில் ஒரு கண்ணி மிஞ்சும்போது நூலை வெட்டி அதன் வழியாக இழுத்தால் முடிந்தது. இறுக்கிப் பிடிக்காதீர்கள், ஓரம் கூம்பிக்கொள்ளும்.

ஒவ்வொரு நான்கைந்து வரிசைக்கும் கண்ணிகளை எண்ணுங்கள். எண்ணிக்கை தானாகக் கூடுகிறதென்றால் வரிசையின் தொடக்கத்தைக் கவனியுங்கள். நூலை ஊசிக்கு மேலே இழுத்துப் பின்னால் போட்டால் முதல் கண்ணியின் இரண்டு கால்களும் (ஊசிக்கு முன்னும் பின்னும் தொங்கும் இரண்டு பாதிகளும்) மேலே ஏறி, இரண்டு கண்ணி போலத் தெரியும். நூலைக் கீழ்ப்பக்கமாக இழுத்துவிட்டுத் தொடங்கினால் சரியாகிவிடும்.

முதல் வேலை: யாளி முதுகு புத்தகக்குறி

மதுரைப் புது மண்டபத்துத் தூண்களில் யாளியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதன் உடம்பில் எந்த இடமும் சும்மா இருக்காது. டிராகன் பிடித்தவர்கள் இதையே டிராகன் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு மெல்லிய பருத்தி நூலும் 2.75 அல்லது 3 மி.மீ. ஊசியும் வேண்டும். தடித்த நூல் புத்தகத்தின் முதுகைப் பிளந்துவிடும்.

நிட் மட்டும் தெரிந்தால் போதும். புதிதாக ஒரே ஒரு வித்தை: ஒரே கண்ணியில் இரண்டு எடுப்பது. கண்ணியை நிட் போட்டு, பழைய கண்ணியை நழுவவிடாமல், அதன் பின்கால் வழியாக இன்னொரு முறை நிட் போட்டு, பிறகு நழுவவிடுங்கள். ஒன்று இரண்டாகிவிடும்.

6 கண்ணி ஏற்றிக்கொள்ளுங்கள்.

1-ஆம் வரிசை: கடைசிக் கண்ணிக்கு முன்வரை நிட்; கடைசிக் கண்ணியில் இரண்டு எடுக்கவும். (7 கண்ணி)
2-ஆம் வரிசை: முழுக்க நிட்.
3 முதல் 6 வரை: இதே இரண்டு வரிசைகளை இன்னும் இரண்டு தடவை. (9 கண்ணி)
7-ஆம் வரிசை: 1-ஆம் வரிசை போலவே. (10 கண்ணி)
8-ஆம் வரிசை: தொடக்கத்தில் 4 கண்ணிகளை முடித்துவிட்டு, மீதியை நிட் போடவும். (6 கண்ணி)

ஒரு பல் முளைத்துவிட்டது. ஒரு பக்கம் நேராக இருக்கும், மறுபக்கம் ரம்பம் போல ஏறி இறங்கும். பதினேழு, பதினெட்டு சென்டிமீட்டர் வரும்வரை இந்த எட்டு வரிசைகளையே திரும்பப் போடுங்கள். மெல்லிய நூலில் சுமார் பன்னிரண்டு பல் வரும். முனையில் நாலைந்து இழை நூலைக் கட்டி வால் வைத்துவிடலாம்.

இது ஒரு மாலை வேலைதான். ஆனால் நிட், கூட்டுவது, முடிப்பது எல்லாம் பன்னிரண்டு முறை கைக்கு வந்துவிடும். இதே அமைப்பை 4 மி.மீ. ஊசியில், 24 கண்ணியில் தொடங்கி, 32 ஆனதும் 8 கண்ணி முடித்துக்கொண்டே போனால் முழு நீள மஃப்ளரே வரும். பச்சையும் கருநீலமும் கலந்து சாயமிட்ட நூலில் அது மிக அழகாக இருக்கும்.

இரண்டாவது: ஆறு பருவ மஃப்ளர்

பின்னல் உலகில் பருவம் என்றால் பெரும்பாலும் நான்குதான். இலையுதிர்காலத்து ஆரஞ்சு, பனிக்காலத்து வெள்ளை என்று மாதிரிகள் வரும். நமக்கு ஆறு இருக்கின்றன, ஆறுக்கும் நிறமும் குணமும் தனித்தனி. அதனால் ஒவ்வொரு பருவத்துக்கும் 25 செ.மீ. என்று ஒன்றரை மீட்டரைப் பிரித்து, பருவத்துக்கு ஒரு கண்ணி வைத்துவிட்டேன். இலக்கணத்தில் கார் முதலில் வரும். நாம் முதுவேனிலில் தொடங்குவோம், சுலபமானது முதலில் வர வேண்டும் என்பதற்காக. சுற்றிச் சுற்றி வருவதுதானே, எங்கே தொடங்கினால் என்ன?

ஆறு நிறத்தில் 50 கிராம் உருண்டை ஒவ்வொன்று, 4 மி.மீ. ஊசி. 44 கண்ணி ஏற்றுங்கள். அகலம் 20 செ.மீ. வரும். இரண்டு ஓரத்திலும் 4 கண்ணி எப்போதும் நிட். நடுவில் உள்ள 36 கண்ணியில்தான் விளையாட்டு. நிறம் மாற்றுவதை முன்பக்க வரிசையிலேயே செய்யுங்கள், புது நிறத்தின் முதல் வரிசையை முழுக்க நிட் போடுங்கள், கோடு சுத்தமாக வரும். பழைய நூலிலும் புது நூலிலும் 15 செ.மீ. வால் விட்டு வையுங்கள், கடைசியில் மொட்டை ஊசியால் உள்ளே கோத்து மறைக்க வேண்டும்.

முதுவேனில் (ஆனி, ஆடி): செம்மண் அல்லது காய்ந்த புல்லின் நிறம். வெறும் கார்ட்டர். வெடித்த நிலம் போல வரப்பு வரப்பாக.

கார் (ஆவணி, புரட்டாசி): மேகத்தின் கருநீலம். ஸ்டாக்கினெட்டில் மழைத்துளி. நிறம் மாற்றிய நிட் வரிசைக்குப் பிறகு நடுவில் ஒரு பர்ல் வரிசை போட்டுக்கொள்ளுங்கள், அப்போதுதான் கீழே உள்ள 1 முன்பக்கம் வரும். நடுப்பகுதிக்கு மட்டும்:

1: 3 நிட், 1 பர்ல் என்று 9 தடவை.
2: பர்ல்.
3: நிட்.
4: பர்ல்.
5: 1 நிட், 1 பர்ல், 2 நிட் என்று 9 தடவை.
6, 7, 8: பர்ல், நிட், பர்ல்.

துளிகள் ஒன்றுக்கொன்று விலகி விழுவதைப் பாருங்கள்.

கூதிர் (ஐப்பசி, கார்த்திகை): ஈரமான பாசிப் பச்சை. முன்பக்க வரிசையில் 1 நிட், 1 பர்ல். பின்பக்க வரிசையில் 1 பர்ல், 1 நிட். துணி முழுக்க சின்னச் சின்னப் பொரிகளாக, நல்ல கனமாக வரும். கை மிக மெதுவாக நகரும் பகுதி இதுதான், ஒவ்வொரு கண்ணிக்கும் நூலை முன்னும் பின்னும் மாற்ற வேண்டும். நூலை மாற்ற மறந்தால் நடுவில் ஒரு அதிகச் சுற்று ஏறிவிடும், எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும்.

முன்பனி (மார்கழி, தை): வெள்ளை அல்லது சாம்பல். இங்கே துளை போடக் கற்கிறோம். ஏழு வரிசை நிட். எட்டாவது முன்பக்கம் பார்த்த வரிசையாக அமைய வேண்டும். அதில் 2 கண்ணியைச் சேர்த்து ஒரே நிட், பிறகு நூலை முன்னால் கொண்டுவந்து ஊசிமேல் ஒரு சுற்று. இப்படி 18 தடவை. சேர்த்ததில் ஒன்று குறையும், சுற்றியதில் ஒன்று கூடும், ஆகவே எண்ணிக்கை மாறாது. அடுத்த வரிசையில் அந்தச் சுற்றையும் ஒரு கண்ணியாகவே நிட் போடுங்கள், பனித்துளி அளவில் துளை நிற்கும். முதல் வரிசை பின்பக்கத்தில் தொடங்கினால்தான் எட்டாவது முன்பக்கம் வரும், அதனால் நிறம் மாற்றிய அந்த முதல் நிட் வரிசையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பின்பனி (மாசி, பங்குனி): கொஞ்சம் ஓய்வு. முந்தைய வெள்ளையில் இரண்டு வரிசை, புது நிறமான வெளிர் ஊதாவில் இரண்டு வரிசை, எல்லாம் கார்ட்டர். நூலை வெட்ட வேண்டாம், ஓரத்திலேயே மேலே கொண்டுபோகலாம். கலங்கிய விடியல் போல இரு நிறமும் கலக்கும்.

இளவேனில் (சித்திரை, வைகாசி): மாந்தளிர் நிறம். இதற்கு ஸ்காட்லாந்தின் வடக்கே இருக்கும் ஷெட்லாந்துத் தீவுகளின் அலைக் கண்ணியைக் கடன் வாங்குகிறேன். பார்க்கப் பெரிய வித்தை போலிருக்கும். நான்கில் ஒரு வரிசையில் மட்டும்தான் வேலை.

1: நிட்.
2: பர்ல்.
3: (2 சேர்த்து நிட்) 3 தடவை; (ஒரு சுற்று, 1 நிட்) 6 தடவை; (2 சேர்த்து நிட்) 3 தடவை. இவ்வளவும் இன்னொரு முறை.
4: நிட்.

இந்த அலைக்கு 18-இன் மடங்காகக் கண்ணி வேண்டும். 36 என்று நடுப்பகுதியை வைத்ததற்குக் காரணமே இதுதான். குறைப்பது ஓரிடத்திலும் கூட்டுவது வேறிடத்திலும் குவிவதால் துணியே அலையாக வளைகிறது. முடிக்கும்போது ஓரம் பூவிதழ் போல நிற்கும்.

இன்னொரு யோசனை. ஒரு வருடம் முழுக்க, நாளுக்கு இரண்டு வரிசை, அன்றைய அதிகபட்ச வெப்பநிலைக்கு ஏற்ற நிறத்தில் கார்ட்டர் போடுகிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். 730 வரிசை, 10 சென்டிமீட்டருக்கு 44 வரிசை என்று வைத்தால் 166 செ.மீ. மஃப்ளர். குளிர்நாட்டார் ஐந்து டிகிரிக்கு ஒரு நிறம் மாற்றினால் போதும். சென்னையில் அப்படிச் செய்தால் வருடம் முழுக்க இரண்டு மூன்று நிறத்திலேயே ஓடிவிடும். இரண்டு டிகிரிக்கு ஒரு நிறம் வையுங்கள், அப்போதுதான் கத்திரியும் மார்கழியும் பிரிந்து தெரியும்.

மூன்றாவது: மந்திரவாதியின் கூர்த்தொப்பி

இதற்கு முன் ஒரு மாதிரித் துண்டு கட்டாயம். மஃப்ளர் இரண்டு செ.மீ. கூடினால் யாரும் கேட்கப்போவதில்லை, தொப்பி அப்படியல்ல. 30 கண்ணி ஏற்றி, ஸ்டாக்கினெட்டில் 12 செ.மீ. பின்னி, நனைத்து உலர்த்தி, நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். 22 வர வேண்டும். 20 வந்தால் கீழே சொல்லும் 110 கண்ணி 50 செ.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 55 ஆகிவிடும்; 24 வந்தால் 46. முதல் கதைக்கு மெலிந்த ஊசி, இரண்டாவதற்குத் தடித்த ஊசி. மறுபடி ஒரு துண்டு போட்டுப் பாருங்கள், சோம்பல் வேண்டாம்.

56 செ.மீ. தலைக்கு 50 செ.மீ. தொப்பி சரியாகப் பிடிக்கும். வட்ட ஊசி இல்லாமல் தட்டையாகவே பின்னித் தைக்கலாம்.

110 கண்ணி ஏற்றுங்கள். முன்பக்கத்தில் 2 நிட், 2 பர்ல் என்று போய் 2 நிட்டில் முடியுங்கள். பின்பக்கத்தில் 2 பர்ல், 2 நிட் என்று போய் 2 பர்லில் முடியுங்கள். 5 செ.மீ. இப்படி. இதற்குப் பெயர் ரிப். பிறகு மொத்தம் 15 செ.மீ. ஆகும்வரை ஸ்டாக்கினெட்.

இனிக் குறைப்பது. முன்பக்க வரிசையில்: 1 நிட், (10 நிட், 2 சேர்த்து நிட்) 9 தடவை, 1 நிட். 9 கண்ணி குறைந்து 101 இருக்கும். அடுத்த குறைப்பு வரிசையில் 10-க்குப் பதில் 9 நிட், அதற்கடுத்ததில் 8 என்று இறங்கிக்கொண்டே போனால் பதினோராவது குறைப்பில் 11 கண்ணி மிஞ்சும். நூலை நீளமாக வெட்டி, அந்த 11 வழியாகக் கோத்து இறுக்குங்கள்.

தொப்பியின் வடிவம் முழுக்க குறைப்புகளுக்கு நடுவே எத்தனை வரிசை விடுகிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. இரண்டு வரிசைக்கு ஒரு முறை குறைத்தால் சாதாரண உருண்டைத் தொப்பி. ஆறு வரிசைக்கு ஒரு முறை குறைத்தால் உச்சி 22 செ.மீ. உயர்ந்து, கூம்பாகி, நுனி ஒரு பக்கம் சாயும். முதல் பாதியை நான்குக்கு ஒன்று, பிற்பாதியை எட்டுக்கு ஒன்று என்று மாற்றினால் நுனி மட்டும் வால் போல நீளும். அளவு வித்தியாசமே இல்லாமல் மூன்று ஆட்களுக்கு மூன்று தொப்பி. கூர்த்தொப்பிக்கு 100 கிராமுக்குக் கொஞ்சம் கூடவே நூல் வைத்துக்கொள்ளுங்கள்.

தைக்கும்போது முன்பக்கத்தைப் பார்த்தபடி இரண்டு ஓரங்களையும் பக்கத்தில் வையுங்கள். முதல் கண்ணிக்கும் இரண்டாவது கண்ணிக்கும் நடுவே ஏணிப்படி போலச் சின்னக் குறுக்கு இழைகள் தெரியும். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று எடுத்துப் போய், சில அங்குலத்துக்கு ஒரு முறை இழுத்துவிட்டால் தையல் உள்ளே மறைந்துவிடும். ஓரத்தில் ஒவ்வொரு கண்ணி கூடுதலாக வைத்தது இதற்குத்தான்.

குழந்தைக்கு யாளித் தொப்பி வேண்டுமா? அதற்குக் குறைக்கவே வேண்டாம். 50 செ.மீ. தலைக்கு 98 கண்ணி ஏற்றி, ரிப் போட்டு, மொத்தம் 18 செ.மீ. வரை நேராகப் பின்னி முடித்துவிடுங்கள். பக்கவாட்டைத் தைத்து, அந்தத் தையல் பின்னந்தலையின் நடுவில் வரும்படி வைத்து, மேல் ஓரத்தை நேர்கோடாகத் தைத்தால் ஒரு சின்னப் பை. தலையில் போட்டதும் இரண்டு மூலைகளும் காதுகளாக நிமிர்ந்துவிடும். நெற்றி மேல் பிடரிமயிர் வேண்டுமென்றால் நூலைச் சின்னச் சின்ன வளையமாகத் தைத்து வையுங்கள். மணி, பொத்தான், பாசி எதுவும் கைக்குழந்தையின் தொப்பியில் வேண்டாம், பிய்த்து வாயில் போட்டுவிடும்.

எதை முடித்தாலும் ஒரு முறை நனைத்து, துண்டில் சுருட்டி அழுத்தி, தட்டையாகப் பரப்பி உலர்த்துங்கள். இளவேனில் அலைகளை மட்டும் குண்டூசியால் இழுத்துக் குத்தி வைத்தால் துளைகள் திறந்துகொள்ளும். கம்பளியைச் சுடுநீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கிக் கெட்டியாகிவிடும், குளிர்ந்த நீர்தான். அக்ரிலிக் மேல் இஸ்திரிப்பெட்டியை வைக்காதீர்கள், கண்ணி உருகித் தட்டையாகிவிடும்.